கருணை இருந்தால் போதும் என்ற வாதத்துக்கு மறுப்பு

நோய்த்தணிப்பு (பாலியேட்டிவ்) மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு இரண்டு வழிகளில் கிடைக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் மூன்றாண்டு மருத்துவக் கல்லூரியிலேயே தங்கிப் படிக்கும் எம்.டி. முதல் வழி. இந்திய மருத்துவக் கவுன்சில் 2010-இல் இதைத் தனித்துறையாக ஏற்றது; மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2012-இல் இந்தப் படிப்பு தொடங்கியது. ஏற்கெனவே பணியில் இருக்கும் மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் ஆகியோர் வேலையை விடாமல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பகுதிநேரமாக முடிக்கும் டிப்ளமோ அல்லது எம்.எஸ்சி. இரண்டாம் வழி. வேல்ஸின் கார்டிஃப் நகரில் மருத்துவர் இலோரா ஃபின்லே 1989-இல் தொடங்கிய தொலைநிலைப் படிப்பு இதற்கு முன்னோடி. லண்டன் கிங்ஸ் கல்லூரி, ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் போன்றவையும் பணியில் இருப்பவர்களுக்கு இதே துறையில் படிப்பு நடத்திவந்திருக்கின்றன.

முதல் வழியை யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. இரண்டாம் வழியைத்தான் மருத்துவமனை நிர்வாகிகளும் மூத்த மருத்துவர்களும், தொண்டு இயக்கங்களில் பல காலம் உழைத்த சிலரும்கூட, தேவையற்ற ஆடம்பரம் என்கிறார்கள். அவர்களுடைய வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்து வைத்தால் இப்படி இருக்கும்: குணப்படுத்த முடியாத நோயாளிக்கு வேண்டியது பரிவு, பொறுமை, வலிக்கு மார்ஃபின். பரிவைப் பல்கலைக்கழகத்தால் கற்றுத்தர முடியாது. மார்ஃபின் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே மூன்று படிகளில் எழுதிக் கொடுத்துவிட்டது. ஆறு வாரப் பயிற்சியில் அது கைவந்துவிடும். கேரளம் தன்னார்வலர்களை வைத்தே ஊர்தோறும் இந்தச் சேவையை நடத்திக் காட்டியிருக்கிறது. நோயாளியைப் பார்த்தே இராத பேராசிரியரிடம் கணினித் திரை வழியாக வாங்கும் பட்டம் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளத்தான் உதவும். அதைக் காட்டி இந்தியாவில் நிபுணராகப் பதிவுகூடச் செய்ய முடியாது. ஏழை நாட்டில் இருக்கிற பணத்தைப் பிழைக்கக்கூடியவர்களுக்குத்தான் முதலில் செலவிட வேண்டும்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. கேரளத்தின் சாதனை உண்மை. மூன்றுபடி முறை எளிது என்பது உண்மை. பணம் கட்டினால் கிடைக்கும் தொலைநிலைப் பட்டங்கள் ஊரில் உண்டு என்பதும் உண்மை. இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. ஒரு முதுகுவலியைக் கருணையால் இனம்காண முடியுமா? மார்பகப் புற்றுநோய் முற்றி வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு வரும் செவிலியரிடம், “ரெண்டு நாளா முதுகு வலி சிஸ்டர். இருமினா சுருக்குனு இழுக்குது. கால் வேற துவளுது” என்கிறார். செவிலியர் அருகே உட்கார்ந்து முழுவதும் கேட்கிறார், முதுகைத் தடவிக் கொடுக்கிறார், களிம்பு பூசுகிறார், வலி மாத்திரையைக் கூட்டலாமா என்று மருத்துவருக்குக் குறிப்பு எழுதுகிறார். மூன்றாம் நாள் கால்கள் அசையவில்லை, சிறுநீர் இறங்கவில்லை. முதுகெலும்புக்குப் பரவிய புற்று தண்டுவடத்தை நெரித்துவிட்டது. புற்றுநோய் உள்ள ஒருவருக்கு இருமினால் கூடும் முதுகுவலியும் காலில் புதிதாக வந்த தளர்ச்சியும் சேர்ந்தால் அன்றைக்கே டெக்சாமெத்தசோன் கொடுத்து, அவசர எம்.ஆர்.ஐ. எடுத்து, கதிர்வீச்சுக்கு அனுப்ப வேண்டும். சிகிச்சை தொடங்கும் நேரத்தில் நடந்துகொண்டிருப்பவர் பெரும்பாலும் பிறகும் நடப்பார். நடை நின்றுபோனவருக்கு அது திரும்புவது அரிது. அந்தப் பெண் மீதி மாதங்களைச் சிறுநீர்ப் பையோடு படுக்கையில் கழிக்கிறார். செவிலியரின் பரிவில் எள்ளளவும் குறை இல்லை.

மார்ஃபின் விஷயம் இன்னும் நுட்பமானது. புராஸ்டேட் புற்றுநோய் வளர்ந்து சிறுநீர்ப் பாதையை அடைக்கும்போது சிறுநீரகம் மெல்லச் செயலிழக்கிறது. மார்ஃபின் கல்லீரலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது நடக்காதபோது உடலில் தேங்குகின்றன. போன வாரம்வரை சரியாக இருந்த அதே அளவு மருந்து இந்த வாரம் மிகையாகிவிடுகிறது. கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது. போர்வை பட்டாலே நோயாளி அலறுகிறார். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்கிறார். மூன்றுபடி அட்டவணையை மட்டும் அறிந்தவருக்கு இது வலி கூடியதாகவே தெரியும். அளவைக் கூட்டுவார், இழுப்பு அதிகமாகும், மறுபடி கூட்டுவார். குடும்பம் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பத் தொடங்கிவிடும். முறையாகப் படித்தவர் கேட்கும் முதல் கேள்வி, சிறுநீர் எவ்வளவு போகிறது என்பது. மார்ஃபினைக் குறைப்பார், இடைவெளியை நீட்டுவார், முடிந்தால் சிறுநீரகத்தை அவ்வளவாக நம்பியிராத ஃபென்டனிலுக்கு மாற்றுவார், குழப்பத்துக்குக் கொஞ்சம் ஹாலோபெரிடால் சேர்ப்பார். இரண்டொரு நாளில் அந்த மனிதர் மகளை அடையாளம் கண்டு பேசக்கூடும். வலி கூடியதா, மருந்து கூடியதா என்று பிரித்துப் பார்க்கும் இந்த ஒரு முடிவுக்குப் பின்னால் மருந்தியல், சிறுநீரக இயக்கம், நரம்பியல் மூன்றும் இருக்கின்றன.

2. பேசத் தெரிவது பிறவிக் குணம் என்பதும் இதே வாதத்தின் இன்னொரு முகம். “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்” என்று மகன் அறை வாசலிலேயே மறித்துக் கேட்பது தமிழ்நாட்டுப் புற்றுநோய் வார்டுகளில் அன்றாடம் நடப்பது. உள்ளே போனால் அப்பா, “எனக்குத் தெரியும். பசங்க பயந்துடுவாங்க, அவங்ககிட்ட எதுவும் சொல்ல வேணாம்” என்கிறார். நல்ல மனம் படைத்த மருத்துவர் இருவருக்கும் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். பத்திரம் எழுதப்படாமல், மூத்த மகளை வெளியூரிலிருந்து வரவழைக்காமல், கேட்க வேண்டிய மன்னிப்பு கேட்கப்படாமல் அந்தக் குடும்பத்தின் கடைசி வாரங்கள் போகின்றன.

இந்த முடிச்சை அவிழ்க்க வழிமுறை இருக்கிறது. மகன் எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேட்பது, அப்பாவுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அளந்து கேட்பது, சொன்ன பிறகு பேச்சை நிரப்பாமல் சும்மா இருப்பது, பிறகு இருவரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது. கெட்ட செய்தி சொல்வதற்கு 2000-இல் வெளியான ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறுபடி முறை இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. நல்ல படிப்புகளில் மாணவர் பேசுவதைப் பதிவு செய்து, அவரே திரும்பப் பார்க்கும்படி செய்து, எந்த இடத்தில் நோயாளியின் கேள்வியைத் தாண்டி ஓடினார் என்று சுட்டிக்காட்டுவார்கள். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம் உறுத்தும். தவறாகப் பேசுவதிலும் இருபது ஆண்டுப் பழக்கம் ஏறிவிடுகிறதல்லவா.

3. ஆறு வாரப் பயிற்சி போதும் என்பவர்கள் கேரளத்தைக் காட்டுகிறார்கள். காட்டட்டும், முழுக் கேரளத்தையும் காட்டட்டும். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமான இருவரான எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் மயக்கவியல் மருத்துவர்கள். வலியைப் பற்றிய அறிவியல் அவர்களுடைய தொழில். ஆக்ஸ்ஃபோர்டின் சோபெல் ஹவுஸ் நோய்த்தணிப்பு மையத்தோடு அவர்களுக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் ட்வைகிராஸ் இந்தியாவுக்கு வந்து பாடம் நடத்தினார். கோழிக்கோட்டில் இதற்கென்றே ஒரு கல்வி நிறுவனம் எழுந்தது. 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற நோய்த்தணிப்பு அமைப்பு வந்தது. இவ்வளவுக்கும் பிறகுதான் 2008-இல் மாநில அரசு தனிக் கொள்கை அறிவித்தது. தன்னார்வலர் குளிப்பாட்டுகிறார், அரிசி கொண்டுவந்து தருகிறார், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி தேடுகிறார். அவருக்குப் பின்னால் செவிலியர், செவிலியருக்குப் பின்னால் மருத்துவர், அந்த மருத்துவர் விழிக்கும்போது அழைத்துக் கேட்க ஒரு வல்லுநர். சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் செலவு என்று சொல்லிக் கழற்றுவதுதான் இன்று நடக்கும் வாதம்.

ஆறு வாரப் பயிற்சியை எதிர்க்க வேண்டியதில்லை. அது பரவலாகக் கிடைக்க வேண்டும். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அது வர வேண்டும். ஆனால் அந்த ஆறு வாரத்தை நடத்துபவர் யார்? அவரும் ஆறு வாரம் மட்டுமே படித்தவரானால், அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வது அதில் பாதி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் வலி நிவாரண, நோய் ஆதரவுச் செவிலியர்கள் இருக்கிறார்கள். திட்டம் நல்லது. ஓர் ஊரின் கடைசித் தெருவில் நிற்கும் அந்தச் செவிலியர் சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண் வேண்டும். மறுமுனையில் எடுப்பவருக்கு அவரைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

நெறிமுறையைத் தாளில் எழுதிக் கொடுத்தால் யாரும் பின்பற்றலாம் என்ற நம்பிக்கைக்குப் பிரிட்டன் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டது. 1990-களின் பிற்பகுதியில் லிவர்பூலில் ஒரு பராமரிப்பு நெறி உருவானது. இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ்களில் இறப்பவர்களுக்குக் கிடைக்கும் கவனிப்பு பொது வார்டுகளில் இறப்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கத்தில் பழுது இல்லை. படிவம் நாடு முழுவதும் பரவியது. அதை உருவாக்கியவர்களின் பயிற்சி அதே வேகத்தில் பரவவில்லை. தண்ணீர் கேட்ட நோயாளிக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது, தேவையில்லாமல் மயக்க மருந்து கொடுக்கப்பட்டது, குடும்பத்துக்குச் சொல்லாமலேயே நோயாளி அந்த நெறிக்குள் சேர்க்கப்பட்டார் என்று புகார்கள் குவிந்தன. ஜூலியா நியூபர்கர் தலைமையிலான குழு 2013 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. முறையாகப் பயன்பட்ட இடங்களில் மக்கள் அமைதியாகவே இறந்திருந்தார்கள். மற்ற இடங்களில் அது கட்டங்களில் டிக் அடிக்கும் வேலையாகிப் போயிருந்தது. லிவர்பூல் நெறியைக் கைவிடும்படி குழு பரிந்துரைத்தது, கைவிடப்பட்டது. ஒருவர் இறந்துகொண்டிருக்கிறாரா, இல்லை சரிசெய்யக்கூடிய தொற்றாலும் நீரிழப்பாலும் துவண்டு கிடக்கிறாரா என்று கண்டறிவது மருத்துவத்தின் மிகக் கடினமான தீர்மானங்களில் ஒன்று. படிவத்தின் முதல் கேள்வியே அதுதான். அதற்கான விடை படிவத்தில் இல்லை.

அமெரிக்கா இன்னொரு விதத்தில் கற்றுக்கொண்டது. ஐந்து போதனா மருத்துவமனைகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடும் நோயாளிகளை வைத்து நடந்த ‘சப்போர்ட்’ ஆய்வு 1995-இல் வெளியானது. நினைவோடு இருந்து மருத்துவமனையில் இறந்தவர்களில் பாதிப் பேர் கடைசி நாட்களில் பாதி நேரமாவது மிதமான அல்லது கடும் வலியில் இருந்ததாகக் குடும்பங்கள் சொல்லியிருந்தன. தீர்வாக, பயிற்சி பெற்ற செவிலியர்கள் நோயாளியின் விருப்பத்தையும் பிழைக்கும் வாய்ப்பையும் மருத்துவர்களிடம் எடுத்துச் சொல்லும் ஏற்பாடு செய்யப்பட்டது. எதுவும் மாறவில்லை. தகவல் வந்து சேர்ந்தது. அதை வைத்து என்ன செய்வது என்பதை மருத்துவர்களுக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை.

4. கட்டிலருகே கற்க வேண்டியதைத் திரையில் கற்க முடியாது என்று சொல்பவர்கள், படிப்பவருக்குக் கட்டிலே கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பணியில் இருப்பவருக்கான படிப்பின் அடிப்படையே அவருக்குக் கட்டில்கள் இருக்கின்றன என்பதுதான். மாவட்ட மருத்துவமனை மயக்கவியல் மருத்துவருக்கு ஊசி போடத் தெரியும். டயாலிசிஸ் செவிலியருக்கு இரத்தக்குழாய் தேடத் தெரியும். கையால் கற்க வேண்டியதை அவர்கள் என்றோ கற்றுவிட்டார்கள். அறுவை மருத்துவத்தைத் தொலைநிலையில் கற்க முடியாது என்பது சரி. அங்கே பற்றாக்குறை கைப்பழக்கத்தில். இங்கே பற்றாக்குறை தீர்மானிக்கும் திறனில்.

அதை இந்தப் படிப்புகள் எப்படிக் கற்பிக்கின்றன என்று பார்த்தால் எதிர்ப்பு பாதி கரைந்துவிடும். மாணவர் தன் சொந்த நோயாளி ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். ஓயாமல் வாந்தி எடுக்கும் நோயாளி என்று வைத்துக்கொள்வோம். காரணம் குடல் அடைப்பா, இரத்தத்தில் கால்சியம் ஏறியதா, மூளைக்குள் அழுத்தமா, புதிதாகத் தொடங்கிய மார்ஃபினா, பல நாள் மலச்சிக்கலா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. குடல் முழுதாக அடைபட்டிருந்தால் மெட்டோகுளோப்ரமைடு வயிற்றுப் பிசைவைக் கூட்டிவிடும். பழக்கதோஷத்தில் எழுதப்படும் ஆண்டான்செட்ரான் மலச்சிக்கலை அதிகப்படுத்தி, சில நாளில் வாந்தியையே திரும்பக் கொண்டுவரும். எந்தக் காரணம் என்று எப்படி முடிவுக்கு வந்தார், எந்தப் பரிசோதனையைக் கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார், ஏன் என்று எழுதி அனுப்புகிறார். கால்சியம் பார்த்தீர்களா என்பது போன்ற ஒரு கேள்வியோடு அது திரும்பி வருகிறது. மறுநாள் காலை அதே வார்டுக்குத்தான் அவர் போகிறார். கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு இந்த வசதி இவ்வளவு நெருக்கத்தில் கிடைப்பதில்லை. இரண்டாம் ஆண்டில் தன் வார்டிலேயே தணிக்கை செய்கிறார்: மார்ஃபின் எழுதப்பட்டவர்களில் எத்தனை பேருக்குக் கூடவே மலமிளக்கி எழுதப்பட்டது? எண்ணிக்கை பலகையில் ஏறினால் வார்டு முழுவதும் திருந்துகிறது. பட்டம் ஒருவருக்கு, பலன் முப்பது கட்டிலுக்கு.

இங்கே எதிர்த்தரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். சொந்த நோயாளிக் கோப்பு கேட்காத, பேசுவதை யாரும் நேரில் பார்த்துத் திருத்தாத, சில வாரமாவது நல்ல நோய்த்தணிப்புப் பிரிவொன்றுக்கு அனுப்பாத படிப்பு வெறும் தாள்தான். சேர்வதற்கு முன் இந்த மூன்றையும் கேட்க வேண்டும். ஆனால் இது மோசமான படிப்புகளுக்கு எதிரான வாதம். பணியிலிருந்து படிப்பதற்கு எதிரானது ஆகாது. மோசமான கல்லூரிகளும்தான் இருக்கின்றன.

மாற்றாகச் சொல்லப்படும் எம்.டி. மட்டும் போதும் என்ற யோசனையைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 5.68 கோடிப் பேருக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை தேவை. கிடைப்பது நூற்றில் ஏறத்தாழ 14 பேருக்கு. தேவைப்படும் பெரியவர்களில் புற்றுநோயாளிகள் மூன்றில் ஒரு பங்குதான். இதய, இரத்தநாள நோயாளிகள் அவர்களைவிட அதிகம். நுரையீரல் நோய், எய்ட்ஸ், நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு என்று பட்டியல் நீள்கிறது. நோய்த்தணிப்பு எம்.டி. முடித்தவர் பெரும்பாலும் பெரிய புற்றுநோய் மையத்தில் உட்காருகிறார். மூச்சுத் திணறலோடு இரவெல்லாம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இதயச் செயலிழப்பு நோயாளி அவர் கண்ணில் படுவதே இல்லை. அந்த நோயாளியைப் பார்ப்பவர் இதயப் பிரிவுச் செவிலியர். மூச்சுத் திணறலுக்குச் சிறு அளவு மார்ஃபின் சிலருக்கு உதவக்கூடும் என்பதும், முகத்துக்கு நேராகக் கையளவு மின்விசிறி பிடித்தால் திணறல் உணர்வு குறையும் என்பதும் அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். செவிலியருக்கு எம்.டி. வழி இல்லை; வேறொரு முழுநேரப் படிப்புக்கென்று அவரை வேலையிலிருந்து பிடுங்கி மூன்றாண்டு தலைநகருக்கு அனுப்பினால் மாவட்டம் அவரை இழக்கும். திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

5. செவிலியருக்கும் சமூகப் பணியாளருக்கும் பட்டமேற்படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள், இந்தத் துறையைத் தோற்றுவித்தவர் யார் என்று விசாரித்தால் நல்லது. சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர். முதுகு ஒத்துழைக்காததால் மருத்துவமனைச் சமூகப் பணிக்கு மாறினார். அதன்பின் மருத்துவம் படித்து 1957-இல் மருத்துவரானார். 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடல் வலி, மன வலி, குடும்ப வலி, ஆன்மிக வலி எல்லாம் பின்னிக்கிடப்பதாக அவர் முன்வைத்த ‘முழு வலி’ என்ற கருத்தாக்கம் மூன்று தொழிலையும் பார்த்த ஒருவரிடமிருந்து வந்ததில் வியப்பில்லை.

உகாண்டாவின் கதை இன்னும் நேரடியானது. 1993-இல் மருத்துவர் ஆன் மெரிமன் அங்கே ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா உகாண்டாவைத் தொடங்கினார். மருத்துவர்கள் மிகக் குறைவு. கிராமத்து நோயாளி சாகும்வரை ஒரு மருத்துவரைக்கூடப் பார்க்காமல் போவது சாதாரணம். மருத்துவர் வரும்வரை காத்திருக்க அந்நாடு தயாராக இல்லை. நோய்த்தணிப்பில் தனிப் படிப்பு முடித்த செவிலியர்களும், மருத்துவர் பட்டம் இல்லாமல் சிகிச்சை அளிக்கும் கிளினிக்கல் ஆபீசர்களும் மார்ஃபின் எழுதலாம் என்று 2004-இல் விதியைத் திருத்தியது. பொடியை நீரில் கலந்து உள்நாட்டிலேயே தயாரிக்கும் வாய்வழி மார்ஃபின் அவர்கள் கையால் கிராமங்களுக்குப் போனது. அதிகாரம் படிப்போடு கட்டப்பட்டிருந்தது. படிப்பு இல்லையென்றால் அதிகாரமும் இல்லை. இந்தியாவைவிட ஏழை நாடு ஒன்று இதை ஆடம்பரம் என்று நினைக்கவில்லை.

6. பிழைக்கக்கூடியவர்களுக்கு முதலில் என்ற வாதம், நோய்த்தணிப்பு என்பது மருத்துவம் தோற்ற பிறகு தொடங்குவது என்ற பழைய நினைப்பில் நிற்கிறது. பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நோய் கண்டறிந்த தொடக்கத்திலிருந்தே புற்றுநோய்ச் சிகிச்சையோடு நோய்த்தணிப்பும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, கடைசி நாட்களில் வீண் கீமோதெரபி குறைந்தது, ஆயினும் அவர்கள் 11.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். ஆயுள் கூடியது எல்லா ஆய்வுகளிலும் திரும்பக் காணப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாழும் தரம் கூடியது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. ஏழைக் குடும்பத்துக்கு இதன் பொருள் இன்னும் கூர்மையானது. பலன் தராது என்று தெரிந்த ஐ.சி.யூ. படுக்கைக்காக நகையை அடகு வைத்து, மனையை விற்று, கடைசியில் உடலையும் கடனையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவரும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. வென்டிலேட்டர் வேண்டுமா என்ற கேள்வியை நேர்மையாக எடுத்து வைக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி நடந்திருக்காது. எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வாழ்நாள் உயிலை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்று, 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியும் விட்டது. அதை நோயாளியோடு பேசி எழுதிவைக்கத் தெரிந்தவர்கள் எத்தனை மருத்துவமனைகளில் இருக்கிறார்கள்?

7. மார்ஃபின் பழகிவிடும், படித்தவர் பெருகினால் போதையும் பெருகும் என்ற பயம் வேறு. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் இந்தியாவில் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சரிந்தது. மத்தியப் பிரதேசத்தின் நீமச்சிலும் மந்த்சௌரிலும் உரிமம் பெற்று அபினி விளைவிக்கும் நாட்டில், அந்த அபினியிலிருந்து வரும் மருந்து புற்றுநோயாளிக்குக் கிடைக்கவில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017-இல் காட்டிய உலகக் கணக்கும் இதே கோணல்தான்: ஆண்டுக்கு மார்ஃபின் அளவில் 298.5 டன் ஓபியாய்டு விநியோகமாகிறது. மிக ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன். அமெரிக்காவின் ஓபியாய்டு பேரழிவைக் காட்டிப் பயமுறுத்துபவர்கள், நாள்பட்ட சாதாரண வலிகளுக்கு நிறுவனங்களின் விளம்பரத்தை நம்பி அளவில்லாமல் எழுதியதில்தான் அது தொடங்கியது என்பதைச் சொல்வதில்லை. யாருக்கு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் எழுதியதன் விளைவு அது. படிப்புக்கு ஆதரவான வாதமே தவிர எதிரானது இல்லை. 2014 சட்டத் திருத்தத்தின்கீழ் வந்த விதிகள் இதைப் புரிந்துகொண்டன: மார்ஃபின் வைத்திருக்க அங்கீகாரம் கேட்கும் மருத்துவமனையில் வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்க வேண்டும். மருந்து அலமாரியின் சாவியே பயிற்சிதான்.

8. அங்கீகாரம் இல்லாத பட்டம் எதற்கு என்ற கேள்வி மட்டுமே உண்மையில் வலிமையானது. ஆனால் அது படிப்பவரிடம் கேட்கப்படுவதுதான் விந்தை. கேட்கப்பட வேண்டியவர்கள் அரசும் மருத்துவமனைகளும். இரவுப் பணி முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கட்டுரை எழுத உட்காரும் செவிலியருக்குப் பெரும்பாலான இடங்களில் படிப்பு விடுப்பு கிடையாது. கட்டணம் கைக்காசு. முடித்த பிறகு பதவியும் அதே, சம்பளமும் அதே. அடுத்த இடமாற்றத்தில் கண் வார்டுக்கு அனுப்பப்பட்டாலும் கேட்க ஆள் இல்லை. இவற்றில் எதற்கும் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. மாதம் இரண்டு நாள் படிப்புக்கென்று ஒதுக்குவது, கட்டணத்தில் பாதியை ஏற்பது, முடித்தவரைச் சில ஆண்டுகளுக்காவது நோய்த்தணிப்புப் பிரிவிலேயே வைத்திருப்பது, மாவட்டத்துக்கு ஒரு பதவியை அந்தத் தகுதியோடு இணைப்பது ஆகியவை அரசாணை அளவில் முடியும் காரியங்கள்.

சட்டம் தொட வேண்டியது ஒன்றுதான். இந்தியாவில் செவிலியர் மார்ஃபின் சீட்டு எழுத முடியாது. பட்டமேற்படிப்பு முடித்த செவிலியர், வீட்டில் துடிக்கும் நோயாளிக்கு எந்த மருந்து, எந்த அளவில், எத்தனை மணிக்கு ஒருமுறை வேண்டும் என்று சரியாகக் கண்டறிந்த பிறகும், நோயாளியைப் பார்க்காத மருத்துவர் ஒருவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து சில இடங்களில் அன்றைக்கே வரும். சில இடங்களில் திங்கட்கிழமை வரும்.